கிரேட்டர் லேக்: நீலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள கிரேட்டர் லேக் தேசியப் பூங்காவுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் செய்வது இதுதான்: ஏரி விளிம்பிலுள்ள ரிம் வில்லேஜில் காரை நிறுத்துவார்கள், கைப்பிடிச் சுவரோரம் நின்று நாலு படம் எடுப்பார்கள், நினைவுப் பொருள் கடையில் எதையாவது வாங்குவார்கள், ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். வாகனத்துக்கு 30 டாலர் நுழைவுக் கட்டணம் (கோடையில்; குளிர்காலத்தில் 20). அது ஏழு நாள் செல்லும். ஒன்றரை மணி நேரத்தில் திரும்பினால் அந்தப் பணம் வீண்தான். ஏரி நீலமாக இருக்கிறது என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ஏரி கிடக்கும் அந்தப் பள்ளம் எப்படி உண்டானது என்பது சுற்றியுள்ள பாறைச்சுவரில் திறந்து கிடக்கிறது. அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். பூங்காவின் உண்மையான சரக்கு அதுதான்.

முதலில் அளவுகள். ஆழம் 592 மீட்டர். அமெரிக்காவில் இதைவிட ஆழமான ஏரி இல்லை. குறுக்களவு 8 முதல் 10 கிலோமீட்டர். நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 1,883 மீட்டர் உயரத்தில். விளிம்பின் மிக உயரமான முனையான ஹில்மன் சிகரத்திலிருந்து நீர்மட்டம் வரை கிட்டத்தட்ட 600 மீட்டர் இறக்கம். ஆழத்தை முதலில் முறையாக அளந்தது 1886-ல். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் கிளாரன்ஸ் டட்டன் குழுவினர் 'கிளீட்வுட்' என்ற படகை அந்தச் செங்குத்துச் சரிவில் இறக்கி, பியானோ கம்பியின் நுனியில் ஈயக்குழாயைக் கட்டி 168 இடங்களில் ஆழம் பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த அதிகபட்ச ஆழம் 1,996 அடி. 2000-ல் சோனார் வைத்து அளந்தபோது 1,943 அடி. கம்பியையும் ஈயத்தையும் வைத்துக்கொண்டு வெறும் 53 அடி வித்தியாசம்!

இங்கே முன்பு மஸாமா என்ற எரிமலை நின்றது. ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரம். அது ஒரே மூச்சில் எழுந்த ஒற்றைக் கூம்பு அல்ல. சுமார் 4 லட்சம் ஆண்டுகளில் ஒன்றின் தோளில் ஒன்று ஏறிய பல எரிமலைகளின் தொகுப்பு. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அது பெரிதாக வெடித்தது. முதல் கட்டத்தில் ஒரே வாய் வழியாகச் சாம்பலும் நுரைக்கல்லும் தூணாக எழுந்து, காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் பரவிப் படிந்தன. அந்தச் சாம்பல் கனடாவரை போயிருக்கிறது. கிரீன்லாந்துப் பனிப்பாளத்திலும் அதன் தடயம் கிடைத்திருக்கிறது. பிறகு வாய் அகன்று தூண் நிலைகொள்ளாமல் சரிந்தது. மலைக்கடியில் இருந்த பாறைக்குழம்பு அறை காலியாகக் காலியாக, மேலே இருந்த மலை தாங்கலில்லாமல் கீழே இறங்க ஆரம்பித்தது. அதைச் சுற்றி வட்டமாக விரிசல் விழுந்தது. அந்த விரிசல்கள் வழியே கொதிக்கும் வாயுவும் நுரைக்கல்லும் பள்ளத்தாக்குகளில் பாய்ந்தன. மொத்தம் வெளியேறிய பாறைக்குழம்பு சுமார் 50 கன கிலோமீட்டர்.

மலையின் உச்சி வெடித்துச் சிதறிப் பறந்துபோனது என்று பார்வையாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை விளிம்பெங்கும் கேட்கலாம். அது சரியில்லை. அப்படிச் சிதறியிருந்தால் மலையின் பழைய பாறைத் துண்டுகள் சுற்றுவட்டாரமெங்கும் குவிந்து கிடக்க வேண்டும். கிடப்பதோ பெரும்பாலும் அந்த வெடிப்பில் புதிதாக வெளிவந்த நுரைக்கல்லும் சாம்பலும்தான். உச்சி எங்கும் போகவில்லை, உள்ளே அமிழ்ந்துவிட்டது. இன்று அது ஏரியின் தரைக்குக் கீழே கிடக்கிறது.

இதைக் கண்ணால் சரிபார்க்க ஒரு இடம் உண்டு: தெற்கு விளிம்பில் உள்ள சன் நாட்ச். அகன்ற, அடி வளைந்த ஒரு பள்ளத்தாக்கு விளிம்பில் வந்து பட்டென்று நிற்கிறது. அப்படி அடி வளைந்த பள்ளத்தாக்கை வெட்டுவது பனியாறு. பனியாறு என்றால் அதற்கு மேலே பனி சேர்வதற்கு ஓர் உயரமான சிகரம் இருந்தாக வேண்டும். இங்கே மேல்பக்கம் பார்த்தால் ஆகாயமும் ஏரியும்தான். பள்ளத்தாக்கின் தலைப்பகுதி மலையோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. பக்கத்திலேயே கெர் நாட்சும் இதே மாதிரி தலையில்லாத பள்ளத்தாக்கு. சன் நாட்சுக்கு 1.3 கிலோமீட்டர் சுற்றுப்பாதை, ஏற்றம் 50 மீட்டருக்கும் குறைவு. வயதானவர்களும் மெதுவாக நடந்துவிடலாம். நடந்து முடித்தால் நேர் கீழே ஃபான்டம் ஷிப் தெரியும். பாய்மரக் கப்பல் உருவில் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாறைத் தீவு சுமார் 4 லட்சம் ஆண்டு பழையது. இந்தப் பள்ளத்தில் வெளியே தெரிகிற பாறைகளில் மூத்தது அதுதான்.

சுற்றுச் சாலையான ரிம் டிரைவ் 53 கிலோமீட்டர். எந்தத் திசையில் சுற்றுவது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடிகாரச் சுற்றில் ஓட்டினால் ஏரி வலப்பக்கம் வரும்; பார்வை முனைகளில் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்காமல் ஒதுங்கலாம். ஆனால் அப்படிப் போனால் பிற்பகலில் கிழக்கு விளிம்பில் நிற்பீர்கள். வெயில் எதிரே கண்ணில் அடிக்கும், தண்ணீர் வெள்ளித் தகடாகிவிடும், நீலம் போய்விடும். அதனால் எதிர்ச் சுற்றே நல்லது. ரிம் வில்லேஜில் தொடங்கி, காலையில் தெற்கையும் கிழக்கையும் பார்த்துவிட்டு, வடக்கு வழியாக மாலையில் மேற்கு விளிம்புக்கு வந்து சேருங்கள். எந்நேரமும் சூரியன் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும். ரிம் வில்லேஜிலிருந்து பார்ப்பது வடக்கு நோக்கி என்பதால் அங்கே மட்டும் நடுப்பகலிலும் நீலம் குறையாது.

கிளம்புமுன் ரிம் வில்லேஜில் இருக்கும் சின்னாட் நினைவு மேடைக்குப் படியிறங்கிப் போய்ப் பாருங்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே, சுவரோடு ஒட்டிக் கட்டிய கல் மாடம். உள்ளே புவியியல் காட்சிக்கூடம். பனி உருகின பிறகுதான் திறப்பார்கள். பலர் படியைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாத இடம், ஏனென்றால் எதிர்ச்சுவரில் எது எந்தப் பாறை என்று இங்கே தெரிந்துகொண்டால்தான் மிச்ச நாள் முழுவதும் பயன்படும்.

முக்கியமாக அடையாளம் கண்டுகொள்ள வேண்டியது வடக்கு விளிம்பில் இருக்கும் லாவ் பாறை. நடுவில் தடித்து, இருபுறமும் மெலிந்து போகும் ஒரு பிரம்மாண்டமான சாம்பல் நிறப் பாறை. பெருவெடிப்புக்கு 100, 200 ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் ஒரு வெடிப்பு நடந்து குழி விழுந்தது; பின்னால் வந்த கெட்டியான ரயோடேசைட் (ஒருவகை எரிமலைப் பாறை) குழம்பு அந்தக் குழியை நிரப்பி மேலேயும் வழிந்தது. பிறகு மலை அமிழ்ந்தபோது அதன் பாதி அறுந்து விழுந்தது. இப்போது நாம் பார்ப்பது அந்த வெட்டுமுகம். கிளாமத் பழங்குடியினரின் மரபுக்கதையில் கீழுலகின் தலைவனான லாவ், மேலுலகின் தலைவனான ஸ்கெலோடு போரிட்டான். அந்தப் போரில் லாவின் மலை அவன் மீதே இடிந்து விழுந்தது. இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்க முடியாது. வடகிழக்கே ஃபோர்ட் ராக் குகையில் மஸாமா சாம்பலுக்குக் கீழே, செடிப் பட்டையில் பின்னிய காலணிகள் 1938-ல் கிடைத்தன. மலை விழுவதற்கு முன்பே அந்த வட்டாரத்தில் மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

கிழக்குப் பக்கம் போனதும் கெர் நாட்ச் அருகே பினக்கிள்ஸ் சாலை பிரியும். போக மட்டும் சுமார் 10 கிலோமீட்டர், ஏரி தெரியாது. அதனால் பெரும்பாலானோர் திரும்புவதில்லை. பூங்காவில் ஒரே ஒரு கிளைச்சாலைதான் போக முடியும் என்றால் இதையே சொல்வோம். ஓடை அரித்த பள்ளத்தாக்கின் சரிவில் 30 மீட்டர் வரை உயரமுள்ள கூரான கம்பங்கள் வரிசையாக நிற்கும். அவற்றை உற்றுப் பாருங்கள்: அடிப்பகுதி வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை, மேல்பகுதி கரும்பழுப்பு. இந்த நிறமாற்றம்தான் விஷயம். பாறைக்குழம்பு அறையில் எடை குறைந்த, சிலிக்கா மிகுந்த குழம்பு மேலேயும், கனமான கறுத்த குழம்பு கீழேயும் இருந்தன. வெடித்தபோது மேலே இருந்தது முதலில் வெளியே வந்து அடியில் படிந்தது. அறையின் அடிமட்டம் கடைசியில் வந்து அதன்மேல் படிந்தது. ஆக, அறைக்குள் இருந்த அடுக்கு இங்கே தலைகீழாக நிற்கிறது. கம்பங்கள் உருவானதற்குக் காரணம் வாயு. சூடான படிவுக்குள் சிக்கிய வாயு மேலே பீறிட்ட வழிகளில் ஓரத்துச் சாம்பல் இறுகிக் கெட்டியானது. சுற்றியிருந்த இளகிய சாம்பலை ஓடை அடித்துக்கொண்டு போக, கெட்டியான குழாய்கள் மட்டும் நின்றுவிட்டன. பாதை சமதளம், அரை மணி நேர நடை. நிழல் குறைவு. கம்பங்களைத் தொட இறங்காதீர்கள், சரிவு முழுவதும் பொடி.

கிளவுட்கேப், பம்மிஸ் காசில் இரண்டும் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிற இடங்கள். பம்மிஸ் காசில் சுவரில் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று தெரியும் நுரைக்கல் அடுக்கு. தூரம் அதிகம், பைனாகுலர் இல்லாவிட்டால் ஒரு நிறத் திட்டு மட்டும்தான்.

இப்போது கிளீட்வுட் கோவ். கெட்ட செய்தியும் இங்கேதான். தண்ணீர்வரை இறங்க அனுமதியுள்ள ஒரே பாதை இது. அதையும் கீழேயுள்ள படகுத்துறையையும் சீரமைப்பதற்காக 2026 முதல் மூடி, 2029 கோடையில் திறப்பதாகப் பூங்கா நிர்வாகத்தின் திட்டம். அதுவரை படகுச் சுற்றுலா, ஏரிக்குள் இருக்கும் விஸார்ட் தீவுக்குப் பயணம், நீச்சல், தூண்டில் எதுவும் இல்லை. படகில் போவதற்காகவே வருகிறவர்கள் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. டிக்கெட் பதிவு செய்யுமுன் பூங்காவின் இணையதளத்தில் பாதையின் நிலவரத்தைப் பாருங்கள்.

திறந்த பிறகு போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பாதை 1.8 கிலோமீட்டர், இறக்கம் 213 மீட்டர். இறங்குவது சுலபம். திரும்பி ஏறுவது 65 மாடிக் கட்டடத்தைப் படியில் ஏறுவதற்குச் சமம், அதுவும் காற்று மெலிந்த உயரத்தில். முட்டி வலி, இதயக் கோளாறு, மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் இறங்கவே கூடாது. தண்ணீர் கோடையிலும் சில்லென்றுதான் இருக்கும். நீச்சல் உடை மட்டும் போதும். முகமூடி, ஸ்னார்க்கல், துடுப்புக் காலணி, காற்று மிதவை, சொந்தப் படகு எல்லாவற்றுக்கும் தடை. வேறு ஏரியிலிருந்து வித்தோ நுண்ணுயிரோ ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக. தடை நியாயமானதுதான். 1888 முதல் 1941 வரை இங்கே மீன் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள்; அதற்கு முன் ஏரியில் மீனே கிடையாது. மீனுக்கு இரையாகட்டும் என்று 1915-ல் விட்ட கிரேஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கி இறால் வகை இன்று கரையோரமெங்கும் பெருகி, இங்கு மட்டுமே வாழும் மஸாமா நியூட் என்ற நீர்ப்பல்லியை அழிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது.

கிளீட்வுட் வெறும் துறைமுகம் மட்டுமல்ல. பெருவெடிப்புக்குச் சற்று முன்புதான் இந்த இடத்தில் குழம்பு ஓடிப் பரவியது. மேற்புறம் உறைந்தாலும் உள்ளே இன்னும் இளகியே இருந்தது. மலை அமிழ்ந்து பள்ளம் திறந்ததும், அந்த இளகிய பாகம் வந்த வழியே திரும்பிச் சுவரில் கீழ்நோக்கி வழிந்து உறைந்துபோனது. நடந்த வரிசையைப் பாறை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் அபூர்வம்.

மாலைக்கு வாட்ச்மேன் சிகரம். போக 1.3 கிலோமீட்டர், 128 மீட்டர் ஏற்றம். உச்சியில் 1930-களில் கட்டிய தீக்காவல் கோபுரம். நேர் கீழே விஸார்ட் தீவு முழுதாகத் தெரியும், கூம்பும் அதன் தலையிலுள்ள குழியும் சேர்த்து. பள்ளம் உண்டான சில நூறு ஆண்டுகளுக்குள் அதன் தரையிலிருந்து எழுந்த புதிய எரிமலை அது. நீருக்கு மேலே 230 மீட்டர்தான். பெரும்பகுதி நீருக்கு அடியில். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாகன நிறுத்தம் நிரம்பிவிடும். இறங்கும்போது இருட்டிவிடும், டார்ச் கட்டாயம். ஜூலை வரை பாதையில் பனி கிடக்கும். அப்போது மூடியே வைத்திருப்பார்கள்.

நிறம் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த ஏரிக்குள் ஆறு வருவதில்லை, வெளியே ஆறு போவதும் இல்லை. ஆண்டுக்குச் சராசரியாக 12 மீட்டருக்கு மேல் விழும் பனியும் மழையுமே வரவு. ஆவியாவதும், சுவரின் நுண்துளைப் படிவுகள் வழியே கசிவதும் செலவு. பள்ளம் நிரம்ப சுமார் 750 ஆண்டுகளுக்குள் ஆகியிருக்கும். ஒரு மட்டத்துக்கு வந்ததும் வரவும் செலவும் சமமாகிவிட்டன. ஆறு கொண்டுவரும் வண்டல் இல்லாததால் கறுப்பு வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்தால் சராசரியாக 30 மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிறது. ஒளியின் சிவப்பையும் மஞ்சளையும் தண்ணீர் மேலேயே உறிஞ்சிக்கொள்ள, ஆழம்வரை போகும் நீலம் மட்டும் சிதறித் திரும்பி வருகிறது. மேகமூட்டமான நாளில் இந்த நீலத்தை எதிர்பார்க்காதீர்கள், ஈயநிறம்தான்.

தங்குமிடம். விளிம்பிலேயே இருக்கும் கிரேட்டர் லேக் லாட்ஜில் 71 அறைகள். 1915-ல் திறந்து, கட்டடம் பாதுகாப்பில்லை என்று 1989-ல் மூடி, கிட்டத்தட்ட முழுவதுமாகத் திருத்திக் கட்டி 1995-ல் மறுபடி திறந்தார்கள். மே மத்தியிலிருந்து அக்டோபர் மத்தி வரைதான். அறையில் டிவி இல்லை, ஏசி இல்லை. எல்லா அறையும் ஏரியைப் பார்த்தபடி இருக்காது. பதிவு செய்யும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வாகன நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டு பெரும் பணம் கொடுப்பீர்கள். பல மாதம் முன்பே நிரம்பிவிடும். பின்பக்கத் தாழ்வாரத்தில் ஏரியைப் பார்த்துப் போட்டிருக்கும் ஆடும் நாற்காலிகளில் அங்கே தங்காதவர்களும் உட்காரலாம். எங்கள் கருத்தில் அறையைவிட அந்த நாற்காலிகளே மேல்.

மஸாமா முகாம் விளிம்பிலிருந்து 11 கிலோமீட்டர் கீழே, 214 கூடார இடங்கள். ஏரி தெரியாது. ஆகஸ்டிலும் இரவில் உறைநிலைக்கு இறங்கக்கூடும், நல்ல தூக்கப்பை வேண்டும். ஜூன், ஜூலையில் கொசு தின்றுவிடும். பூங்காவுக்குள் சாப்பாட்டுக் கடைகள் ஒன்றிரண்டுதான், சைவத்துக்குத் தேர்வு குறைவு. மெட்ஃபோர்ட், கிளாமத் ஃபால்ஸ், பெண்ட் இவற்றில் ஏதாவது ஒன்றில் சாப்பாட்டையும் பெட்ரோலையும் நிரப்பிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஒரே பெட்ரோல் பங்க் கோடையில் மட்டும் இயங்கும். செல்போன் சிக்னலை நம்ப முடியாது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? முழுச் சுற்றுச் சாலையும் பெரும்பாலும் ஜூலையில்தான் திறக்கும். கிழக்குப் பகுதிதான் கடைசி. ஆகஸ்ட் பாதிக்குமேல் சுற்றுவட்டாரக் காட்டுத்தீப் புகை பள்ளத்துக்குள் இறங்கித் தங்கிவிடும் ஆண்டுகள் பல; அப்போது எதிர்ச்சுவரே தெரியாது. எனவே ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை பாதுகாப்பான கணக்கு. புகை இல்லாத ஆண்டானால் செப்டம்பர் பிற்பகுதி இன்னும் நல்லது, கூட்டம் பாதிகூட இருக்காது. ஜூனில் வந்துவிட்டு பாதிச் சாலை மூடியிருக்கிறது என்று புகார் எழுதுகிறவர்கள் இணையத்தில் ஏராளம்; ஜூனில் அங்கே இன்னும் குளிர்காலம் முடியவில்லை.

குளிர்காலத்திலும் தெற்கு வாசலிலிருந்து ரிம் வில்லேஜ் வரை பனியை அள்ளி வழிவிடுவார்கள். வடக்கு வாசல் மூடியிருக்கும், ஜிபிஎஸ் அந்த வழியைக் காட்டினால் நம்பாதீர்கள். டயர் சங்கிலி வேண்டும். விளிம்போரம் காற்றில் பனி வெளியே நீண்டு கூரை கட்டியிருக்கும், கீழே தரை இருக்காது. வேலியைத் தாண்டிப் போகவே கூடாது. குளிர்கால நாட்களில் பாதிக்குப் பாதி மேகம் பள்ளத்தை நிரப்பி ஏரியையே மறைத்துவிடும். பூங்காவின் இணையதளத்தில் விளிம்பு கேமரா நேரலை இருக்கிறது. மெட்ஃபோர்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு வருமுன் அதைத் திறந்து பாருங்கள். திரை வெறும் வெள்ளையாக இருந்தால் மறுநாள் கிளம்புங்கள்.